கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏடிஎச்டி) மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு இது இருப்பதாக உலகளாவிய மதிப்பீடுகள் கூறுகின்றன. அறிவில் குறையில்லாமலே கவனமும் கட்டுப்பாடும் கைகூடாத குழந்தைகளைப் பற்றி லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902இல் விரிவாக உரையாற்றினார். இன்றைய பெயர் 1987இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது.

கவனக்குறைவு கண்டிப்பில் சரியாகும் அசட்டை அல்ல. கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளையே கூட்டல் குறியைக் கழித்தலாக எடுத்துக்கொள்ளும். பக்கத்தின் கடைசிக் கணக்கை விட்டுவிடும். இரவு எழுதி முடித்த வீட்டுப்பாட நோட்டை மறுநாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும். மிகையியக்கம் உள்ள குழந்தை உட்கார்ந்த இடத்தில் நெளியும், கேள்வி முடியுமுன் பதில் சொல்லும், வரிசையில் நிற்கப் பொறுக்காது. “செல்போன் என்றால் மட்டும் அசையாமல் உட்காருகிறானே” என்று பெற்றோர் கேட்பதுண்டு. உடனுக்குடன் பலன் தரும் விளையாட்டில் கவனம் தானே நிற்கும். சலிப்பூட்டும் வேலையில் அதை நிறுத்திவைப்பதுதான் இந்தக் குழந்தைகளுக்குச் சிரமம். பெண் குழந்தைகள் பலரிடம் கவனக்குறைவே மேலோங்கியிருக்கும். வகுப்பில் தொந்தரவு தராததால் அவர்கள் எளிதில் யார் கண்ணிலும் படுவதில்லை.

காரணங்களில் முதன்மையானது பரம்பரை. “சின்ன வயதில் நானும் இப்படித்தான்” என்று அப்பாவோ அம்மாவோ சொல்வது மருத்துவர்களுக்குப் பழகிய பேச்சு. இரட்டையர் ஆய்வுகளும் மரபின் பங்கை 70 முதல் 80 சதவீதம் வரை மதிப்பிடுகின்றன. ஆனால் இது ஒரே மரபணுவின் வேலை அல்ல. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. அமெரிக்காவில் பிலிப் ஷா குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூளைப் புறணி உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றக் குழந்தைகளுக்கு ஏழரையாகவும் ஏடிஎச்டி உள்ளவர்களுக்குப் பத்தரையாகவும் இருந்தது. திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் முன்பகுதியில் இந்தத் தாமதம் அதிகம். குறைமாதப் பிறப்பு, குறைந்த பிறப்பு எடை, ஈய நச்சு ஆகியவற்றுக்கும் இதனுடன் தொடர்பு உண்டு. சர்க்கரையும் பெற்றோர் தரும் செல்லமும் இதை உண்டாக்குவதில்லை.

அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது ஆறு மாதம் நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது இடையூறு தந்தால்தான் அவற்றை ஏடிஎச்டி எனக் கொள்ளலாம். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது. காது, கண், தூக்கம், தைராய்டு ஆகியவற்றில் கோளாறு இல்லையெனத் தெளிந்து, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விரிவாகக் கேட்டறிய வேண்டியிருப்பதால், ஐந்து நிமிடச் சந்திப்பில் இதை முடிவு செய்ய இயலாது.