ஆவணம் இல்லாதவருக்கு உரிமம் தரலாமா?

முன்னுரை

உரிய ஆவணங்கள் இல்லாமல் குடியேறியவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தரலாமா? அமெரிக்காவில் நெடுங்காலமாக நடக்கும் வாதம் இது. வாஷிங்டன் மாநிலம் 1993-லும், கலிபோர்னியா 2015 ஜனவரியிலும் தரத் தொடங்கின. உரிமம் பெற்றவர் சாலை விதிகளை அறிந்திருப்பார், காப்பீடும் எடுப்பார் என்கிறது ஒரு தரப்பு. சட்டத்தை மீறியவருக்குச் சலுகையா என்கிறது மறுதரப்பு. இதே கேள்வியை வேறு வடிவில் திருச்சியும் சந்தித்திருக்கிறது. தென்னூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமில், கேள்வி ஓட்டுநர் உரிமத்தைப் பற்றியதல்ல. குடியுரிமையைப் பற்றியது.

வந்தவர்கள் யார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பகுதிகளிலிருந்து ஏழைகளை இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றனர். 1948-ல் இலங்கை இயற்றிய சட்டம் அவர்களின் சந்ததியினரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியைப் பற்றியது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

இந்தியா ஏற்றுக்கொண்ட அனைவரும் வந்து சேரும் முன்பே 1983 ஜூலைக் கலவரம் வெடித்தது. உயிர் தப்பிக் கடல் கடந்தவர்களில் மலையகத் தமிழரும் இருந்தனர். அரசு ஏடுகளில் அவர்களுக்கும் 'அகதி' என்றே பெயர்.

சட்டமும் நீதிமன்றமும்

2003-ல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின்படி, உரிய ஆவணமின்றி நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. பதிவு செய்தோ, நீண்டகாலம் வசித்தோ குடியுரிமை பெற அவருக்கு வழியில்லை. எரியும் வீட்டிலிருந்து ஓடிவந்தவரிடம் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்பது போன்றது இது.

2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான 65 முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்கள் மீது மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க உத்தரவிட்டது. 2022 ஆகஸ்டில் கொட்டப்பட்டு முகாமில் வசித்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. அவர் 1986-ல் மண்டபத்தில் பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். அதாவது, பிறந்த நாள் முதலே இந்தியராக இருந்தவரை அகதி என்றே நாடு நடத்தியிருந்தது. 2024 மக்களவைத் தேர்தலில்தான் அவர் முதன்முறையாக வாக்களித்தார்.

மறுப்போரின் வாதம்

ஆவணம் கொடுத்தால் பாதுகாப்பு கெடும் என்பர் சிலர். 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் இந்த அச்சம் வலுத்தது. ஆனால் பெயரும் முகவரியும் பதிவானவரைக் கண்டுபிடிப்பதே எளிது. பதிவே இல்லாதவரை எங்கே தேடுவது?

முடிவுரை

2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்களித்தது. இது நல்ல தொடக்கம். எனினும் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, நீ எங்களவன் என்பது வேறு. நம்மோடு வாழ்பவருக்குத் தரும் ஆவணம் சலுகை அல்ல. அவர் இங்கே இருக்கிறார் என்ற உண்மையை எழுதி வைப்பது மட்டுமே.