கூலி, நாடற்றவர், அகதி

ஓட்டப்பிடாரத்துக்குத் தெற்கே, தூத்துக்குடி ரயில் பாதையில் இருக்கிறது தட்டப்பாறை. வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்புக்குக் கப்பலேறப்போன கூலிகளை இங்கேதான் முகாம் போட்டு நிறுத்தினார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்தபின் அந்த வேலையை மண்டபம் முகாம் எடுத்துக்கொண்டது. போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். காணி நிலம் இல்லாத சனம். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் அந்தக் கைகளால் உண்டானவை.

1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டது. தகப்பனும் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பதிவே இல்லாத சனம் எதைக் காட்டும்? நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். மாட்டைப் பங்கு வச்ச மாதிரிதான். 1983 வன்முறைக்குப் பிறகு அந்தச் சனத்தில் பலர் படகேறி வந்தார்கள். பாட்டன் பிறந்த மண்ணில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் அகதி.

இன்று முகாம்களில் தாய் தகப்பன் இல்லாமல் அம்மாயி வீட்டிலும் விடுதியிலும் வளரும் பிள்ளைகள் உண்டு. ‘நான் எந்த நாட்டு ஆளு?’ என்று கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அந்தப் பதிலை நாம் சொல்லியாக வேண்டும்.

1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2022இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இதை உறுதி செய்தது. அன்றிலிருந்து 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். அதற்குப் பின் பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்கணும். ஒருவர் மட்டும்தான் என்றால், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. முகாம் பிள்ளைகள் பலருக்கு வழி அடைபடுவது இந்தச் சொல்லில்தான். இலங்கைப் பக்கமும் ஒரு கதவு உண்டு: இந்திய வம்சாவளியினருக்கு 2003இல் அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது, 2009 திருத்தம் இங்கே அகதியாக இருப்பவர்களையும் சேர்த்தது.

ஆக, பிள்ளையின் பிறந்த தேதி மட்டும் போதாது, பெற்றோருடையதும் வேணும். செத்துப்போன தாய் எங்கே, எப்போது பிறந்தாள் என்ற ஒரு துண்டுக் காகிதம் பிள்ளையின் நாட்டைத் தீர்மானிக்கும். ஒப்பந்தக் காலத்துப் பாஸ்போர்ட், தோட்டத்துப் பதிவு, பிறப்புச் சான்று எதுவானாலும் டிரங்குப் பெட்டியில் தேடி எடுக்கணும். கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே எந்த ஊரு, எந்தத் தோட்டம், எந்த வருசம் என்று கேட்டு எழுதி வைக்கணும். புரியாத தாளில் பிள்ளைகள் கையெழுத்துப் போடக் கூடாது.

காகிதம் இல்லாததால் ஒருதரம் நாடிழந்த சனம் இது. அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தன் காகிதத்தை வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதும் நம்ம இயக்க வேலைதான்.