மரப்பாச்சி முதல் தர முத்திரை வரை

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் தவழும் குழந்தையின் கையிலுள்ள விளையாட்டுப் பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான மூன்று கட்டங்களுக்கு, சென்னை நகரின் தென்பகுதியில் உள்ள மயிலாப்பூர், அடையாறு, தரமணி ஆகிய மூன்று இடங்கள் சான்றாக நிற்கின்றன. அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தமிழருக்கு விளையாட்டுப் பொருள் புதியதன்று. குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டிச் செல்லும் மூன்று கால் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையிலோ அந்தத் தேர் தச்சர் வீட்டுச் சிறுவர்களும் விரும்பும்படி செய்யப்பட்டது. பிற்காலப் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவதற்கு ஒரு பருவத்தையே வகுத்துவிட்டனர்.

இம்மரபின் எச்சத்தை மயிலாப்பூர் மாட வீதிகளில் இன்றும் பார்க்கலாம். நவராத்திரி நாட்களில் வடக்கு மாட வீதி பொம்மைக் கடைகளால் நிறைந்துவிடும். அங்கே மரப்பாச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். செம்மரம் போன்ற கெட்டியான மரத்தில் செதுக்கிய பொம்மை அது. ஒட்டவைத்த கண் இல்லை. கழன்று விழும் உறுப்பு இல்லை. குழந்தை வாயில் வைத்தாலும் கரைந்து வரும் பூச்சு இல்லை. கடைசல் பிடித்த சொப்புச் சாமான்களுக்கு நிறம் ஏற்றும் பழைய முறையும் எளிமையானது. சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தோடு படிந்துவிடும்.

பழமை என்பதற்காக அனைத்தையும் போற்றிவிடவும் கூடாது. பனையோலைக் கிலுகிலுப்பை பிரிந்தால் உள்ளிருக்கும் கற்கள் சிதறும். கொலுப் பொம்மையின் வண்ணம் பார்வைக்கு உரியதே தவிர, குழந்தையின் நாவுக்கு உரியதன்று. எனினும் அக்காலத்தில் ஒரு பெரும் பாதுகாப்பு இருந்தது. செய்தவன் வாங்குபவளுக்குத் தெரிந்தவன். குறை இருந்தால் மறுநாளே அவனிடம் போய்க் கேட்க முடியும்.

இரண்டாம் கட்டம் அடையாற்றில் நிகழ்ந்தது. 1907இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939 நவம்பரில் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் அவர் நடத்திய பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும் அம்மையாருக்குக் கட்டுப்பாடு வந்தது; அவருடைய மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளில், 1940 ஆகஸ்டு 31 அன்று, மகன் விடுவிக்கப்பட்டார். சில மாதங்கள் தங்க வந்தவர், போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த நாளில், அவருடைய சாதனங்களுள் என் மனத்தைக் கவர்ந்தது இளஞ்சிவப்புக் கோபுரம். பத்து மரக் கனசதுரங்கள். பெரியதன் பக்கம் 10 சென்டிமீட்டர், சிறியது 1 சென்டிமீட்டர். மூன்று வயதுக் குழந்தை அவற்றை வரிசையாக அடுக்கி அளவை உணர்கிறது. எந்தப் பருவத்தில் எந்தப் பொருள் என்பதே அம்மையார் கற்பித்த முறையின் உயிர்நாடி. அந்தக் கடைசிக் கனசதுரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் மீண்டும் வருவோம்.

பின்னர் தகரமும் செல்லுலாய்டும் பிளாஸ்டிக்கும் வந்தன. தகரத்தின் விளிம்பு விரலை அறுத்தது. செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றியது. தியாகராய நகரின் பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் மலிவு விலைப் பொம்மைகள் குவிந்தன. அவற்றைச் செய்தவன் எந்த நாட்டில் இருக்கிறான், எந்தச் சாயம் பூசினான் என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. 2007இல் ஈயம் கலந்த வண்ணத்தின் காரணமாக, உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களின் பொம்மைகளே லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. 2009 ஜனவரியில் இந்தியா சீனப் பொம்மைகளின் இறக்குமதிக்குத் தற்காலிகத் தடை விதித்தது.

கண்ணுக்குத் தெரிந்த கைவினைஞன் மறைந்த இடத்தில் சட்டம் வந்து நிற்க வேண்டியதாயிற்று. இதுவே மூன்றாம் கட்டம். 2020இல் பிறப்பிக்கப்பட்ட பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. முத்திரை வழங்கும் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம், அடையாற்றுக்கு அருகே தரமணியில் இருக்கிறது. ஈயம், பாதரசம், காட்மியம் உள்ளிட்ட எட்டுத் தனிமங்கள் பொம்மையிலிருந்து எந்த அளவுக்கு மேல் வெளிப்படக் கூடாது என்பதையும் ஐ.எஸ். 9873 என்னும் தரநிலை வரையறுக்கிறது.

அத்தரநிலையில் ஒரு சிறிய குழல் உண்டு. அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கான பொம்மையோ, அதிலிருந்து கழன்ற துண்டோ, அழுத்தாமல் அக்குழலுக்குள் முழுவதும் அடங்கிவிட்டால் அது தகுதியற்றது. குழந்தையின் தொண்டையை அடைக்கக் கூடும். இப்போது அந்த 1 சென்டிமீட்டர்க் கனசதுரத்தை எண்ணிப் பாருங்கள். அது குழலுக்குள் எளிதில் அடங்கிவிடும். மூன்று வயது அக்காளுக்கு அறிவூட்டும் அதே கட்டை, பத்து மாதத் தம்பிக்கு ஆபத்து. ஆகவே ‘இந்தப் பொம்மை நல்லதா?’ என்ற கேள்வி அரைக் கேள்விதான். ‘எந்தக் குழந்தைக்கு நல்லது?’ என்பதே முழுக் கேள்வி.

சட்டத்துக்கும் எல்லை உண்டு. பதிவு பெற்ற கைவினைஞரின் படைப்புகளுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் அந்த ஆணையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சிறு தொழிலைக் காக்க அது நியாயமானதே. ஆனால் முத்திரை இல்லாத இடத்தில் வாங்குபவரின் கண்ணே முத்திரையாக வேண்டும். மேலும், எந்தச் சட்டமும் வீட்டிற்குள் வந்து, அண்ணனின் கோலிக்குண்டைத் தம்பியின் கைக்கு எட்டாமல் எடுத்து வைக்காது.

அந்த அண்ணனும் அக்காளும் நீங்கள்தாம். உறவினர் வீட்டுக் குழந்தைக்குப் பரிசு வாங்கச் செல்லும்போது முத்திரையையும் உரிம எண்ணையும் வயதுக் குறிப்பையும் படியுங்கள். கண், சக்கரம், பொத்தான் ஆகியவற்றை இழுத்துப் பாருங்கள். பொத்தான் வடிவ மின்கலத்தின் மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று நோக்குங்கள். விழுங்கப்பட்ட மின்கலம் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். மயிலாப்பூர்த் தாய்மார்கள் பொம்மைக்காரரின் முகத்தைப் பார்த்துச் செய்த ஆராய்ச்சியை, இன்று நீங்கள் பொம்மையைப் பார்த்துச் செய்ய வேண்டும்.