ஐம்படைத்தாலி

பழந்தமிழர் குழந்தைகளுக்குக் காப்பாகக் கட்டிய கழுத்தணி. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்து படைக்கலன்களும் சிற்றுருவாக இதில் கோக்கப்பட்டிருக்கும். காக்கும் கடவுளின் ஆயுதங்கள் பிள்ளையையும் காக்கும் என்பது நம்பிக்கை. வளர்ந்ததும் கழற்றிவிடுவர். அதனால்தான் புறநானூற்றின் 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார், தாலி களையாத பருவத்திலேயே போருக்கு எழுந்தவன் என்று பாண்டியன் நெடுஞ்செழியனை வியக்கிறார். மன்னனின் இளமைக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் கிடைத்திருக்காது. வேட்டுவச் சிறுவர்க்கோ புலிப்பல்லே தாலி. ரோமானியச் சிறுவர் அணிந்த ‘புல்லா’ என்னும் சிமிழும் இவ்வகையே. ஆளானதும் அதைக் கழற்றி வீட்டுத் தெய்வங்களுக்குப் படைத்தனர். தமிழில் புறநானூற்றுக்குப் பின் கம்பராமாயணத்திலும் ஐம்படைத்தாலி இடம்பெறுகிறது.