ஆரையம்பதியில் ஒரு பழைய வழி: ஜிபிஎஸ் கருவியில் தடப்புள்ளிகளை ஒழுங்கு செய்தல்

'ஜியோகேஷிங்' 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிய விளையாட்டு. ஒருவர் ஒளித்துவைக்கும் பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியின் துணையுடன் தேடுவார்கள். பலகட்டத் தேடலில் ஒரு புள்ளியை அடைந்தால்தான் அடுத்ததற்கு வழி கிடைக்கும்.

எமது முதியவர்கள் வழி சொல்வதும் இப்படித்தான். ஆரையம்பதியில் போருக்கு முன் நாங்கள் இருந்த வளவைத் தேடி, மூத்தப்பா சொன்ன ஆலமரம், கிணறு, வாவிக்கரைத் துறை என ஒவ்வொன்றாகப் பதிந்தேன். கருவி தானாக இட்ட எண்களை மாற்றாமல் விட்டதால், வீடு திரும்பியபின் எது எந்த இடமென்றே விளங்கவில்லை.

இரண்டாம் முறை செய்தவை இவை:

பெயர்: 'ஆரை01 ஆல்', 'ஆரை02 கிணறு' என ஈரிலக்கத்தில் எழுதுங்கள். வெறும் 1 என்றால் 10 அதனருகே வந்துவிடும்.

வரிசை: பல கருவிகள் அண்மையிலுள்ள புள்ளியையே முதலில் காட்டும். கட்டங்களை ஒரே பாதையாகச் சேமியுங்கள்.

ஆள்கூறு: 7 பாகை 40.250 கலையை 7.40250 பாகையென உள்ளிட்டால், புள்ளி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே, கல்முனை அளவுக்குப் போய்விடும்.

குறிப்பு: யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எழுதுங்கள்.

பெட்டி மட்டும் புதைக்காதீர்கள். எமது மண்ணில் அநாதரவான பெட்டி விளையாட்டல்ல, பயம். கிணற்றுக்கட்டில் பொறித்த ஆண்டே அடுத்த கட்டத்துக்கு விடையாகட்டும்.

மூத்தப்பாவால் இப்போது நடக்க இயலாது. அவர் சொன்ன வழியில் இனிப் பிள்ளைகள் நடக்கலாம்.