விழியை இழந்தவர் நடந்து கண்ட உலகம்



ஒக்டோபர் 15 வெள்ளைப் பிரம்பு தினம். அமெரிக்காவில் 1964 இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் பல நாடுகளுக்கும் பரவிய நாள். அன்று ஒரு சிறு கூட்டம், இரண்டு பேச்சு, நான்கு புகைப்படம். அடுத்த நாள் எல்லோரும் மறந்துவிடுவோம்.

அதே ஒக்டோபர் 15 ஆம் திகதி, 1786 ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் எக்ஸீட்டர் நகரில் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் ஜேம்ஸ் ஹோல்மன். திகதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனாலும் அந்த நாளில் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டுமென்றால், இவரைப் பற்றித்தான் பேசவேண்டும் என்று நாம் நினைக்கிறோம்.

இப்னு பதூதாவை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். 1344 இல் நமது தீவுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறியவர். அவர் வாழ்நாளில் ஏறக்குறைய 73,000 மைல் பயணம் செய்தார் என்று சொல்லப்படுகிறது. ஹோல்மனின் பயணங்களைக் கூட்டிப் பார்த்த அவரது வரலாற்றாசிரியர் சொல்லும் கணக்கு இரண்டரை இலட்சம் மைல். பூமியிலிருந்து சந்திரனுக்குள்ள தூரத்தை விடச் சற்று அதிகம். ரயில் பாதைகள் வராத காலத்தில், நடந்தும், குதிரையிலும், மாட்டு வண்டியிலும், பாய்க்கப்பலிலும் பெரும்பகுதி தூரத்தைக் கடந்த மனிதர் இவர். 25 வயதுக்குப் பிறகு ஒரு துளி வெளிச்சத்தையும் காணாதவர்.

*கடற்படையிலிருந்து வின்ட்சருக்கு*

12 வயதில், 1798 இல், ஹோல்மன் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தார். 1807 இல் லெப்டினன்ட் ஆனார். வட அத்திலாந்திக்கின் குளிரில், நனைந்த தளத்தில் இரவுக் காவல் நின்ற வாழ்க்கை. 1810 இல் மூட்டுக்களில் கடும் வலி பிடித்தது. நடக்கவே முடியாத நிலை. பின்பு கண்ணையும் தாக்கியது. 25 வயதில் பார்வை முற்றாகப் போய்விட்டது.

அக்கால இங்கிலாந்தில் பார்வையற்ற ஏழைக்குத் தெருவோரப் பிச்சை. வசதி உள்ளவருக்கு வீட்டின் ஒரு மூலை. ஹோல்மனுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடைத்தது. 1812 இல் வின்ட்சரில் உள்ள கடற்படை வீரர் அறக்கட்டளை ஒன்றில் இடம் கொடுத்தார்கள். இயலாமையுற்ற ஏழு அதிகாரிகளுக்கான இடம் அது. தங்குமிடம் உண்டு, உதவித்தொகை உண்டு. பதிலுக்கு அங்கேயே தங்கி, தேவாலய ஆராதனைக்குத் தவறாமல் போகவேண்டும். திருமணம் செய்யக்கூடாது.

வெளியில் இருந்து பார்த்தால் அது பெரிய உபகாரம். உள்ளே இருந்தவருக்கு அது கூண்டு. சும்மா இருந்தால் உடல்நலம் இன்னும் கெடுகிறது என்று சொல்லி விடுப்புக் கேட்டார். எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போய் மருத்துவமும் இலக்கியமும் படித்தார். பாடங்களைக் காதால் கேட்டு மனதில் பதித்தார். பின்பு, வெப்பமான தேசம் உடலுக்கு நல்லது என்ற ஆலோசனையோடு, 1819 இல் பிரான்சுக்குக் கப்பலேறினார். பிரெஞ்சு மொழி தெரியாது. கூட வேலைக்காரர் இல்லை. கையில் ஒரு தடி மட்டும்.

*எப்படி நடந்தார்?*

பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

வெள்ளைப் பிரம்பு என்பது இருபதாம் நூற்றாண்டில் வந்த விடயம். ஹோல்மனிடம் இருந்தது இரும்பு முனை வைத்த சாதாரண ஊன்றுகோல். அதை நிலத்தில் தட்டினால் எழும் ஓசை சுவரில் பட்டால் ஒரு மாதிரி, திறந்த வெளியில் இன்னொரு மாதிரி, கதவுக்கருகில் வேறொரு மாதிரித் திரும்பி வரும். அந்த வித்தியாசத்தைக் காது பிடித்துக்கொள்ளும்.

பார்வையற்றோர் முகத் தோலால் தடைகளை உணர்கிறார்கள் என்று உலகம் வெகுகாலம் நம்பியது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய பரிசோதனையின் முடிவு 1944 இல் வெளியானது. முகத்தை மூடினாலும் அவர்கள் சுவரை உணர்ந்து நின்றார்கள். காதை அடைத்தால் சுவரில் மோதினார்கள். தோல் அல்ல, செவிதான் வழிகாட்டி என்று அப்போதுதான் உறுதியானது. ஹோல்மன் அதை 120 வருடங்களுக்கு முன்பே தெருவில் நடந்து கற்றிருந்தார்.

மூட்டு வலிக்கு மருந்தாக அவர் கண்ட வழி இன்னும் விசித்திரமானது. குதிரை வண்டியில் நீண்ட நேரம் இருக்க முடியாதபோது இறங்கிவிடுவார். வண்டியின் பின்னால் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு மைல் கணக்கில் நடப்பார். வண்டி போகும் பாதை அவரது பாதை. கயிற்றின் இழுவை அவருக்கு வளைவையும் மேட்டையும் சொல்லும்.

எழுதுவதற்கும் ஒரு கருவி வைத்திருந்தார். சட்டத்தில் குறுக்காகக் கம்பிகள் பூட்டிய பலகை. மை பூசிய கடதாசியை வைத்து, கூர்முனைக் கோலால் கம்பிகளுக்கிடையே எழுதினால் வரி கோணாது. லூயி பிரெயில் தன் புள்ளி எழுத்து முறையை நூலாக வெளியிட்டது 1829 இல். ஹோல்மனின் முதல் பயண நூல் அதற்கு ஏழு வருடம் முன்பே, 1822 இல், வெளிவந்துவிட்டது.

அந்த முதல் பயணத்தில் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலையிலும் ஏறினார். இன்னொரு பகுதியைக் காது கேளாத நண்பர் ஒருவருடன் சேர்ந்து கடந்தார். ஒருவர் பார்த்துச் சொன்னார், மற்றவர் கேட்டுச் சொன்னார். இருவருக்கும் குறையொன்றும் தெரியவில்லை.

*சைபீரியாவும் சார் மன்னரும்*

1822 இல் அவர் போட்ட திட்டம் பெரியது. ரஷ்யா வழியாகக் கிழக்கே போய், உலகத்தைச் சுற்றி வருவது. மொஸ்கோவிலிருந்து, வில் இல்லாத வண்டியில், சேற்றிலும் உறைபனியிலும் சுமார் 5,000 கிலோமீட்டர் கடந்து சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரை அடைந்தார். அங்கே பல மாதங்கள் தங்கினார்.

1824 இன் தொடக்கத்தில் சார் மன்னரின் தூதர் வந்தார். ஹோல்மன் உளவாளியாக இருக்கலாம் என்று சந்தேகம். வந்த வழியே திருப்பி, போலந்து எல்லை வரை கொண்டுபோய் விட்டார்கள்.

கண் தெரியாதவர் எதை உளவு பார்ப்பார் என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சொந்த நாட்டில் பலர் அவரைப் பரிதாபத்துக்குரியவராகவே பார்த்தார்கள். ஒரு பார்வையற்ற மனிதர் ஊரைச் சுற்றி, பேசி, கேட்டு, விடயங்களை அறிந்துகொள்ள வல்லவர் என்பதை முழுதாக நம்பியது அவரைத் துரத்திய அரசாங்கம்தான்!

*நமது தீவுக்கும் வந்தார்*

ஹோல்மன் விடவில்லை. 1827 இல் மீண்டும் புறப்பட்டார். மேற்கு ஆபிரிக்காவின் பெர்னாண்டோ போ தீவில், அடிமை வியாபாரத்தைத் தடுக்க அமைத்த பிரித்தானியத் தளத்தில் தங்கினார். கூடச் சென்றவர்களில் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். இவர் தப்பினார். அத்தீவின் ஆறு ஒன்றுக்கு இவருடைய பெயரை வைத்தார்கள். பின்பு பிரேசில், தென்னாபிரிக்கா, மொரீசியஸ், சன்சிபார், இலங்கை, இந்தியா, சீனா, அவுஸ்திரேலியா. 1832 இல் ஊர் திரும்பினார்.

நமது தீவில் யானை வேட்டைக் குழுவுடனும் காட்டுக்குள் போயிருக்கிறார். அந்த வேட்டையை நாம் பெருமையாகச் சொல்லவில்லை. அக்கால ஆங்கிலேயருக்கு அது விளையாட்டு, நமது காடுகளுக்கு அது அழிவு. அவர் ஆங்கிலேய அதிகாரி என்ற பெயரும் பல ஊர்களில் கதவைத் திறந்துவிட்டது. அதையும் மறைக்கக்கூடாது. வறிய குடும்பத்தில் பிறந்த, காலனி நாட்டின் பார்வையற்ற ஒருவருக்கு அந்தக் கதவுகள் திறந்திருக்காது.

*கண் இல்லாதவருக்குப் பயணம் எதற்கு?*

போன இடமெல்லாம் அவரைக் கேட்ட கேள்வி இது. உலகப் பயணத்தைப் பற்றிய தனது நூலில் அவர் அதற்குப் பதில் எழுதினார். கருத்து இதுதான். கண் உள்ள பயணிகள் மட்டும் தாம் எழுதுவதையெல்லாம் நேரில் பார்த்தா எழுதுகிறார்கள்? அவர்களும் பெரும்பாலும் அடுத்தவர் சொன்னதை நம்பித்தானே எழுதுகிறார்கள்? தான் ஒரு பார்வையில் திருப்தியடைய முடியாதவர் என்பதால், துருவித் துருவிக் கேட்டு, தொட்டுப் பார்த்து, சரிபார்த்த பிறகே நம்புவதாகச் சொன்னார்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல. சார்ள்ஸ் டார்வின், பீகிள் கப்பல் பயணத்தைப் பற்றிய புகழ்பெற்ற நூலில், கோகோஸ் தீவுகளில் கடல் கொண்டுவந்து ஒதுக்கும் விதைகளைப் பற்றி எழுதும்போது ஹோல்மனின் நூலை ஆதாரமாகக் காட்டுகிறார். அத்தீவில் ஒரு வருடம் வாழ்ந்த ஒருவரிடம் ஹோல்மன் கேட்டறிந்த தகவல் அது. கேட்கத் தெரிந்த ஒருவரின் குறிப்பு விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டது.

ஆனால் வின்ட்சரின் விதி அவரை விடவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் விடுப்புக் கேட்டு மன்றாடவேண்டி இருந்தது. ஆரோக்கியமாக ஊர் சுற்றுகிறவருக்கு உதவித்தொகை ஏன் என்ற கேள்வி எழுந்தது. படுத்துக் கிடந்தால் இரக்கம், எழுந்து நடந்தால் சந்தேகம்! கடைசிக் காலம் வரை பயணம் செய்து, 1857 ஜூலை 29 இல் லண்டனில் காலமானார். கடைசியாக எழுதிய தன் வரலாறு அச்சேறவே இல்லை.

*நமக்கு என்ன?*

ஹோல்மன் தனியாகப் பயணம் செய்தார் என்றால், யாருடைய உதவியும் பெறவில்லை என்று பொருளல்ல. வழி கேட்டார். வண்டிக்காரரின் கையைப் பிடித்தார். புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆனால் எந்த உதவி, எப்போது, யாரிடம் என்பதை அவரே முடிவு செய்தார். தனித்து நிற்பது என்பதன் பொருள் அதுதான் என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். அவரைப் பெரும்பாலும் தடுத்தது இருட்டு அல்ல, அனுமதி கொடுக்கும் இடத்தில் இருந்த மனிதர்கள்.

நம் ஊரைப் பாருங்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பப் பயந்து வீட்டிலேயே வைத்திருக்கிறோம். அன்பினால்தான். வின்ட்சரில் கொடுத்ததும் அன்பான இடம்தான். இரத்மலானையிலுள்ள, விழிப்புலன், செவிப்புலன் இழந்தோருக்கான பாடசாலை 1912 இல் தொடங்கி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. நடைபாதையில் மோட்டார் சைக்கிளும், கடையின் விளம்பரப் பலகையும், மூடி இல்லாத கானும் இருக்கின்றன.

பெரிய திட்டம் எதுவும் நாம் கேட்கவில்லை. மூன்று விடயம் மட்டும்.

ஒன்று, பிரம்போடு வரும் ஒருவரைக் கண்டால் திடீரென்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "உதவி தேவையா?" என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் உங்கள் முழங்கையை அவர் பிடிக்கட்டும். நீங்கள் அரை அடி முன்னே நடங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டு, கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்கள் கடை முன்னால் உள்ள நடைபாதையை இன்றே ஒரு தரம் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்களால் அதில் பத்து அடி நடக்க முடியுமா?

மூன்று, அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், கடைக்குப் போய்ச் சீனி வாங்கிவரச் சொல்லுங்கள். முதலில் கூடவே போங்கள். பிறகு பத்து அடி பின்னால் போங்கள். ஒரு நாள் வாசலிலேயே நின்றுகொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த, பார்வையின்றித் தனியே பயணம் செய்கிற ஒருவர் நம் பக்கத்தில் இருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு அவரது அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நமது பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.