மெல்லிய துணியும் சுயபுணர்ச்சிக்காரரும்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த வேதாகமம் அது. 2009 போரின்போது உரப்பைக்குள் கிடந்து முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் முகாமில் இருந்து, திரும்பி வந்தது. நனைந்து காய்ந்த தாள்கள் அப்பளம்போல நெளிந்திருந்தன. வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். முதலாம் கொரிந்தியர் 6:9இல் விரலை வைத்தார். ஒருபாலுறவைக் கண்டித்துப் பிரசங்கம் என்றால் அவருடைய சபையில் தவறாமல் திறக்கிற இடம்.

"இஞ்சை பாரும் தம்பி, ரெண்டு சொல் கிடக்கு. பிரசங்கத்திலை ரெண்டாவதுதான் வரும். முதலாவதைத் தொட்டால் வாங்கிலை இருக்கிற பெடியள் முழுப்பேரும் எழும்பிப் போகவேணும்."

முதலாவது சுயபுணர்ச்சிக்காரர். இரண்டாவது ஆண்புணர்ச்சிக்காரர்.

பவுல் கிரேக்கத்தில் எழுதிய முதலாவது சொல் மலக்கோய். மெல்லியவர்கள் என்று பொருள். மத்தேயு 11:8இல் உடையைப் பற்றிச் சொல்லவும் இதே சொல்தான் வருகிறது. அங்கே தமிழ் வேதாகமம் 'மெல்லிய' என்றே போட்டிருக்கிறது. துணி என்றால் மெல்லியது, ஆள் என்றால் சுயபுணர்ச்சிக்காரர்! அந்தக் காலத்துக் கிரேக்கர் கோழையையும் சுகவாசியையும் பெண்போல் நடப்பவன் என்று தாங்கள் ஏளனம் செய்தவனையும் மலக்கோஸ் என்றார்கள். லத்தீனில் அது மொல்லெஸ் ஆனது. 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் அதே வேரில் பிறந்த சொல்லைச் சுயபுணர்ச்சிக்குச் சிலர் சொல்லும் பெயராகக் குறித்தார். அந்த வாசிப்பு ஐரோப்பாவில் வேர்விட்டுக் கப்பலேறி வந்தது. தமிழுக்கு வேதாகமம் வந்த பாதையும் நீளமானது: தரங்கம்பாடியில் சீகன்பால்கு, 1759இல் கொழும்பில் பிலிப்பு தெ மெல்லோ, பிறகு ஃபப்ரீசியஸ், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைக் கூட வைத்துக்கொண்டு பேர்சிவல். வன்னியின் புரொட்டஸ்தாந்து, பெந்தெகொஸ்தே சபைகளில் இன்று கையில் இருப்பது ஹென்றி பவர் குழுவின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் வழிவந்தது.

இரண்டாவது சொல் அர்செனோகொய்த்தாய். ஆண், படுக்கை என்ற இரண்டு சொல்லை ஒட்டியது. இன்று கிடைக்கும் கிரேக்க எழுத்துகளில் பவுலுக்கு முன் அதைக் காணோம். லேவியராகமம் 20:13இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பவுல் அங்கிருந்துதான் எடுத்தார், ஆகவே ஆணும் ஆணும் சேரும் எல்லா உறவுக்கும் இந்தத் தடை பொருந்தும் என்கிறார் வேதாகம ஆய்வாளர் ராபர்ட் கேக்னன். பிற்காலப் பாவப் பட்டியல்கள் சிலவற்றில் இந்தச் சொல் பணத்தாலும் வலுவாலும் அடுத்தவரைச் சுரண்டும் குற்றங்களோடு நிற்கிறது. ஆகவே அது குறித்தது சுரண்டலையாக இருக்கலாம் என்று 1996இல் இன்னொரு ஆய்வாளர் டேல் மார்ட்டின் எழுதினார். லேவியராகமத் தொடர்பைத் தட்டிவிட முடியாது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் ஒரு சொல் எதிலிருந்து பிறந்தது என்பது வேறு, எதைக் குறித்தது என்பது வேறு. கையையும் நாட்டுவதையும் தனித்தனியாகத் தெரிந்தவனுக்குக் 'கைநாட்டு' என்றால் எழுதப்படிக்கத் தெரியாதவன் என்று விளங்குமா?

1946இல் அமெரிக்காவில் வந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பு இரண்டு சொல்லையும் ஒன்றாக்கி 'ஹோமோசெக்சுவல்ஸ்' என்று போட்டது. அந்தச் சொல்லே 1869இல்தான் அச்சேறியது. 1971இல் அதை எடுத்துவிட்டு, பாலியல் பிறழ்வு கொண்டவர்கள் என்று மாற்றினார்கள். எங்கள் பழைய தமிழ் வேதாகமம் இந்த இணைப்பில் அகப்படவில்லை. அதனால்தான் ஆசிரியரின் விரலுக்கு இன்னும் இரண்டு சொல் தட்டுப்படுகிறது. கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கருக்கு 1995இன் திருவிவிலியம். அதன் தமிழ் வேறு.

வேதாகமத்தை மூடும்போது ஆசிரியர் சிரிக்கவில்லை.

"முதலாவது சொல்லுக்கு ஒருத்தரும் எழும்பேல்லை தம்பி. ரெண்டாவதுக்கு ஒரு பெடியன் எழும்பிப் போனவன். என்னட்டைப் படிச்சவன். இப்ப வவுனியாவிலை ஒரு கடையிலை நிக்கிறான்."